மூக்கு வழியா மண்டையோட்டு அடியில ஆபரேஷன், அப்பாவுக்கு பண்ண ஆஸ்பத்திரி பத்தி

நாலு ஸ்டார். ஒண்ணு ஏன் குறைச்சேன்னு கடைசியில சொல்றேன்.

போன வருஷம் அப்பாவுக்கு திடீர்னு எல்லாமே ரெண்டு ரெண்டா தெரிய ஆரம்பிச்சுது, பஸ் போர்டு, தட்டுல இட்லின்னு எதுவும் பாக்கியில்ல. ஊர்ல காட்டின கண் டாக்டர் சுகர்னால தான்னு சொல்லி கண்ணாடி மாத்திக் குடுத்தார், நாலு மாசம் போச்சு. இங்க ஓபில ஒரு சின்ன டாக்டரம்மா பேனாவை இடமும் வலமும் ஆட்டிப் பாத்துட்டு, வலது கண்ணு வெளிப்பக்கம் போகவே மாட்டேங்குது, கண்ணை வெளிப்பக்கம் திருப்பற ஆறாவது நரம்பு அடிபட்டிருக்கு, சுகர்னா இந்நேரம் பெரும்பாலும் தானா சரியாகியிருக்கும், எம்ஆர்ஐ எடுங்கன்னாங்க.

கார்டோமா. மூக்குக்கு நேர் பின்னாடி, மூளைத்தண்டுக்கு முன்னாடி கிளைவஸ்னு ஒரு எலும்பு இருக்காம், அதுல கட்டி. கருவுல முதுகெலும்பு உருவாகறதுக்கு முன்னாடி இருந்த நோட்டோகார்டுங்கற தண்டோட மிச்சத்துல இருந்து வருதாம், 60 வயசுல! வருஷத்துக்கு 10 லட்சம் பேர்ல ஒருத்தருக்கு வர்றது எங்க வீட்டுக்கு வந்துச்சு. எலும்பு எவ்ளோ அரிச்சிருக்குன்னு பாக்க தனியா சிடி ஸ்கேன் வேற.

எனக்குப் பிடிச்சது என்னன்னா, இஎன்டி டாக்டரும் நியூரோ சர்ஜனும் ஒரே ரூம்ல உக்காந்து ஸ்கேனைக் காட்டி பேசினாங்க, அங்க போ இங்க போன்னு அலைய விடல. மண்டையைத் திறக்கல, மூக்கு வழியா எண்டோஸ்கோப் விட்டு எடுத்தாங்க, 6 மணி நேரம்னாங்க 9 ஆச்சு, வாசல்ல உக்காந்திருந்த எங்களுக்கு தான் உசுரு போச்சு. ஓட்டையை தொடைக் கொழுப்பு வெச்சு, மூக்கு நடுச்சுவரோட சவ்வையே திருப்பிப் போட்டு மூடினாங்களாம். அப்புறம் மூக்கு சிந்தக் கூடாது, தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்மணும். ஐசியு சிஸ்டர் தினமும் காலையில அப்பாவை குனிய வெச்சு மூக்குல இருந்து தண்ணியா சொட்டுதான்னு பாப்பாங்க, சொட்டினா மூளை நீர் கசியுதுன்னு அர்த்தமாம். நல்லவேளை சொட்டல.

ரத்தக்குழாயை ஒட்டி இருந்த கொஞ்சத்தை தொடல, அதை மறைக்காம சொல்லி அதை அழிக்க புரோட்டான் கதிர் பாய்ச்சற ரேடியேஷனுக்கு அனுப்பினாங்க. 2019ல இருந்து சென்னை அப்போலோவுலயே அது இருக்கு. இப்போ ரெண்டு இட்லி வெச்சா ரெண்டு தான் தெரியுதாம், ஓரமா பாத்தா மட்டும் இன்னும் கொஞ்சம் இரட்டை.

அந்த ஒரு ஸ்டார் பில்லிங்குக்கு. காலை 9க்கு டிஸ்சார்ஜ்னு சொல்லி இன்சூரன்ஸ் அப்ரூவல் வர ராத்திரி 7, கட்டிலையும் காலி பண்ண சொல்லிட்டாங்க, தையல் போட்ட காலோட மனுஷன் பிளாஸ்டிக் சேர்ல. போறவங்க ஸ்கேன் பதிஞ்ச சிடி டிஸ்க்கை கையோட எடுத்துட்டுப் போங்க, ஃபிலிமை மட்டும் குடுத்தா திரும்ப அனுப்பிடறாங்க.