இறாலுக்கு ஒன்று, வாழைக்கு வேறொன்று: குளிர்ப் போக்குவரத்தில் வயர்லெஸ் சென்சார்கள்

தூத்துக்குடியிலிருந்து உறைந்த இறாலை ஏற்றிச் செல்லும் ரீஃபர் கன்டெய்னரும் (குளிரூட்டும் இயந்திரம் பொருத்திய கன்டெய்னர்) தேனி மாவட்டத்து ஜி9 ரக வாழையை ஏற்றிச் செல்லும் ரீஃபர் கன்டெய்னரும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முதலாவதில் சரக்கின் வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறக் கூடாது. இரண்டாவதில் ஏறத்தாழ 13 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, இறங்கினால் காயின் தோல் சாம்பல் நிறமடைந்து விலை போகாது. இதை இத்தொழிலில் உள்ள எல்லோரும் அறிவர். ஆனால் இந்த இரண்டு சரக்குகளும் ரேடியோ அலையை நடத்தும் விதமும் இதே அளவுக்கு வேறுபட்டது என்பது, வெப்பநிலையைக் கம்பியின்றித் தெரிவிக்கும் சென்சார் வாங்கி ஏமாந்த பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது. விற்பனைத் தாள்களில் அச்சிடப்படும் 100 மீட்டர், 10 கிலோமீட்டர் என்னும் தொலைவுகள் திறந்த வெளிக்கு உரியவை. அவற்றை வைத்து எந்தக் கருவி நல்லது என்று முடிவு செய்ய முடியாது.

புளூடூத், வைஃபை, சிறு கருவிகளை இணைக்கும் ஜிக்பீ ஆகிய மூன்றும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. நீர் இந்த அலையை விரைவாக உறிஞ்சிக்கொள்கிறது. சில சென்டிமீட்டர் நீரைக் கடப்பதற்குள் அதன் ஆற்றலில் பெரும்பகுதி போய்விடும். நீர் குளிரக் குளிர உறிஞ்சுதல் இன்னும் கூடும். வாழைக்காயும் தக்காளியும் பாலும் எடையில் பெரும்பாலும் நீரே என்பதால், அட்டைப்பெட்டிகளை நெருக்கி அடுக்கிய பேலட்டின் (சரக்கை அடுக்கும் தட்டின்) நடுவில் வைத்த புளூடூத் சென்சாரை, கன்டெய்னர் கதவருகே உள்ள ரிசீவர் கேட்பதே அரிது. ஜெர்மனியின் பிரெமன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 'அறிவுள்ள கன்டெய்னர்' என்ற திட்டத்தில் வாழைப் பெட்டிகளுக்குள் கம்பியில்லா சென்சார்களை வைத்துப் பார்த்தபோது, ஈரமான சரக்கே அவர்களுக்குப் பெரிய தடையாக இருந்தது.

பனிக்கட்டியின் குணம் வேறு. நீர் உறைந்துவிட்டால் அதன் மூலக்கூறுகள் இந்த அலையின் வேகத்துக்கு ஏற்பத் திரும்ப முடியாமல் இறுகிவிடுகின்றன. ஆகவே அலை பெருமளவு இழப்பின்றிக் கடந்துபோகிறது. மைக்ரோவேவ் அடுப்பில் உறைந்த இறைச்சியின் உருகிய ஓரம் வெந்துவிட, நடுப்பகுதி கல்லாகவே கிடப்பதற்கும் இதுவே காரணம். எனவே முழுமையாக உறைந்த இறால் பெட்டிகளுக்கு நடுவில் வைத்த எளிய புளூடூத் சென்சார் ஓரளவு நன்றாகவே பேசும். அங்கே தடையாக நிற்பது சுவர்தான். குளிர் அறைகளின் சுவரான பஃப் பேனலில் உள்ள நுரை அலையைத் தடுப்பதில்லை. அதன் இருபுறமும் உள்ள உலோகத் தகடு தடுக்கிறது. சாலை வண்டிகளில் கூண்டின் தோல் கண்ணாடியிழையாக இருந்தால் சமிக்ஞை எளிதில் வெளியே வரும். வண்டியை வாங்கும்போது இதை யாரும் கேட்பதில்லை என்றாலும், பின்னால் ரிசீவரை எங்கே மாட்டுவது என்ற கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது.

லோரா என்னும் நெடுந்தொலைவுக் கம்பியில்லா முறை இதே வேலையை ஒரு கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அலைகளில் செய்கிறது. இந்தியாவில் உரிமம் இன்றிப் பயன்படுத்தக்கூடிய பகுதி 865 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது; ஐரோப்பாவில் 868ஐ ஒட்டியும், அமெரிக்காவில் 902 முதல் 928 வரையிலும் பயன்படுத்துகிறார்கள். அலைநீளம் 2.4 கிகாஹெர்ட்ஸில் பன்னிரண்டரை சென்டிமீட்டர் என்றால் இங்கே சுமார் 35 சென்டிமீட்டர். ஈரச் சரக்குக்குள் அது பல மடங்கு ஆழம் செல்கிறது. மிகப் பலவீனமான சமிக்ஞையையும் பிரித்தறியும் திறனும் இந்த முறைக்கு உண்டு. ஐந்தாறு அறைகள் கொண்ட ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஒவ்வோர் அறைக்கும் தனித் தனி ரிசீவர் வைக்காமல், அலுவலகக் கூரையில் எல்லாச் சென்சார்களையும் கேட்டு இணையத்துக்கு அனுப்பும் ஒரே கேட்வேயை நிறுத்திச் சமாளிக்க முடிவதற்கு இதுவே காரணம். கிடங்கைப் பொறுத்தவரை என் வாக்கு தயக்கமின்றி லோராவுக்கே.

அதே லோராவைக் கடல் கடந்து அனுப்பும் சரக்கோடு வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் தொலைவுக்கு விலையாகக் கொடுக்கப்படுவது வேகம். பத்து நிமிடத்துக்கு ஓர் அளவீடு என்று வைத்தால் 30 நாள் பயணத்தில் 4320 அளவீடுகள் சேரும். கரையிறங்கியதும் அவற்றைப் புளூடூத் வழியாகக் கைப்பேசிக்கு இறக்கச் சில நொடிகள் போதும். லோராவின் மிக மெதுவான நிலையில், ஐரோப்பிய விதிப்படி ஒரு செய்தியில் 51 பைட்டுகளே அடங்கும். அளவீட்டுக்கு இரண்டு பைட்டு என்றால் 173 செய்திகள் வேண்டும், ஒவ்வொன்றும் காற்றில் ஏறத்தாழ 2.8 நொடி எடுக்கும். மொத்தம் எட்டு நிமிடம்தானே என்று தோன்றலாம். ஆனால் அங்கு அந்த அலைவரிசையின் பெரும்பகுதியில் ஒரு கருவி நேரத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் பேசக் கூடாது என்பதால், முழுப் பதிவும் வந்துசேரப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் சரக்கு துறைமுகத்தை விட்டுப் போயிருக்கும். இந்திய அலைவரிசைக்கென்று அமைத்த சென்சார், அமைப்பை மாற்றாவிட்டால் அங்குள்ள கேட்வேயுடன் பேசவே பேசாது என்பது வேறு கதை.

சிம் பொருத்திய கருவிகள் இடத்தையும் வெப்பநிலையையும் உடனுக்குடன் தெரிவிக்கின்றன. மதுரையிலிருந்து சென்னைக்கு வரும் ஐஸ்கிரீம் வண்டியின் குளிரூட்டும் இயந்திரம் விழுப்புரத்துக்கு முன்பே நின்றுவிட்டால், ஓட்டுநரைத் தொலைபேசியில் அழைக்க இன்னும் நேரம் இருக்கிறது. அளவீடுகளைத் தன் நினைவகத்தில் பதிந்துவைத்து, சரக்கு வந்து சேர்ந்தபின் திறந்து பார்க்கும் லாகர் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இந்த உதவியைச் செய்யாது. சிம் கருவிகளின் பலவீனம் மின்சாரம். 2ஜி மோடம் அலைபரப்பும் கணத்தில் இரண்டு ஆம்பியர் வரை இழுக்கும். சில்லறைக் காசு அளவிலான சிஆர்2032 பேட்டரி அதற்கு ஈடுகொடுக்காது, மைனஸ் 20 டிகிரியில் அதன் உள்தடை ஏறிவிடுவதால் நிலைமை இன்னும் மோசமாகும். உறை அறைக்குள் ஆண்டுக்கணக்கில் கிடக்க வேண்டிய சென்சார் என்றால் லித்தியம் தையோனில் குளோரைடு பேட்டரி உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். அது மைனஸ் 55 டிகிரியிலும் இயங்கும். வண்டிகளில் இதற்கு எளிய ஏற்பாடு ஒன்று உண்டு: மோடம் ஓட்டுநர் அறையில் வண்டியின் பேட்டரியோடு இருக்கட்டும், கூண்டுக்குள் இரண்டு மூன்று புளூடூத் சென்சார்கள் மட்டும் இருக்கட்டும், அவற்றைக் கேட்கும் ஆன்டெனாவைக் கம்பி வழியாகக் கூண்டுக்குள் இழுத்துவிடலாம்.

கடலில் செல்பேசிக் கோபுரம் இல்லை. பெரிய கப்பல் நிறுவனங்கள் ரீஃபரிலேயே மோடத்தைப் பொருத்தி, கப்பலில் உள்ள கருவி வழியாகச் செயற்கைக்கோளுக்கு அனுப்புகின்றன. மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் இந்த வசதியை 2017இல் வாடிக்கையாளர்களுக்குத் திறந்துவிட்டது. இது பயனுள்ளதே. ஆயினும் ரீஃபரின் குளிரூட்டும் இயந்திரம் முதன்மையாக அளப்பது உள்ளே செலுத்தும் காற்றையும் திரும்பி வரும் காற்றையும். வாழை பறித்த பின்னும் சுவாசித்து வெப்பம் விடுகிறது. காற்று சரியாக நுழையாத பேலட்டின் நடுப்பகுதி, திரும்பி வரும் காற்றைவிடச் சூடாக இருந்துகொண்டே இருக்கலாம். அதைக் காண ஒரு லாகர் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

கைப்பேசியைத் தொட்டுப் படிக்கும் என்.எஃப்.சி. லேபிள்களைச் சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் கைப்பேசியை வைத்தே படிக்க முடியும். சில்லறைப் பெட்டிகளுக்கு ஏற்றவை, அவ்வளவே. பேட்டரியற்ற யுஎச்எஃப் வில்லைகள் (ரிசீவர் அனுப்பும் அலையிலிருந்தே ஆற்றல் பெறுபவை) ரிசீவர் எதிரே இருக்கும்போது மட்டும் அளப்பவை, ஆதலால் பயணத்தின் கதையைச் சொல்ல மாட்டா.

உறைந்த உணவை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்புவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்கு 2005ஆம் ஆண்டின் 37ஆம் எண் ஒழுங்குமுறை, வெப்பநிலையைப் பதியும் கருவி இஎன் 12830 என்னும் ஐரோப்பியத் தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்றும், பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மலிவான புளூடூத் சென்சார்கள் பலவற்றில் இந்தச் சான்று இருப்பதில்லை.

ஆகவே இறால் கன்டெய்னருக்கு நான் தேர்ந்தெடுப்பது: கதவுப் பக்கமும் நடுவிலும் தரச்சான்று பெற்ற, நினைவகம் கொண்ட புளூடூத் லாகர்கள் இரண்டு; நேரடித் தகவலுக்குக் கன்டெய்னரின் சொந்த மோடம். வாழைக்கும் இதே ஏற்பாடுதான், ஆனால் நடுப் பேலட்டின் லாகர் பயணத்தின்போது பேசும் என்று எதிர்பார்க்காமல், பெட்டியைப் பிரித்த பின் படித்துக்கொள்ளலாம் என்ற கணக்கில் கூடுதலாக இரண்டு. எந்த வகையாக இருந்தாலும், ஏற்றுவதற்கு முன் நொறுக்கிய பனிக்கட்டியும் சிறிது நீரும் கலந்த பாத்திரத்தில் நீர் புகாப் பையிலிட்டு அரை மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். பூஜ்ஜியத்திலிருந்து அரை டிகிரிக்கு மேல் விலகிக் காட்டும் சென்சாரை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.