குன்னூரில் மின் பாதுகாப்புச் சோதனை: அளந்து எழுதித் தந்த சான்றிதழ்

குன்னூரில் உள்ள எங்கள் பழைய வீட்டின் ஒரு பகுதியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதற்கு முன், மின் ஒப்பந்ததாரர் உரிமம் பெற்ற உள்ளூர் நிறுவனம் ஒன்றை அழைத்து, வீடு முழுவதையும் சோதித்துச் சான்றிதழ் பெற்றோம். ஒவ்வொரு அறைக்கும் அளவீடுகளைக் கைப்பட எழுதிக் கொடுத்தார்கள் என்பதே இவர்களைப் பரிந்துரைக்க எனக்குள்ள முதன்மைக் காரணம்.

மெயினை அணைத்துவிட்டு, 500 வோல்ட் மெக்கர் என்ற மின்தடை அளக்கும் கருவியைக் கொண்டு சர்க்யூட் சர்க்யூட்டாகச் சோதித்தார்கள். கம்பியின் மேலுறை மின்கசிவை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் காப்பு மின்தடை குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டிய இடத்தில், பின்கட்டுக் குளியலறை லைன் 0.3 தான் காட்டியது. சூப்பர்வைசர் அதைக் குறித்துக்கொண்டதோடு நிற்காமல், மரப்பலகைச் சீலிங்குக்கு மேல் ஏறி ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து காட்டினார். தகரக் கூரையிலிருந்து கசிந்த நீர் இறங்கியதால் இன்சுலேஷன் டேப் ஊறிப் பிரிந்து, செம்புக் கம்பி முறுக்கில் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. மூடுபனியும் இரு பருவமழைகளும் உள்ள இந்த ஊரில், சுவருக்குள்ளும் கூரைக்கடியிலும் தங்கும் ஈரத்தை வெளியிலிருந்து பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

மின்கசிவு ஏற்பட்டால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பதுடன் விடாமல், 30 மில்லி ஆம்பியர் கசிவில் அது 300 மில்லி வினாடிக்குள் துண்டிக்கிறதா என்பதையும் கருவி வைத்து அளந்தார்கள். அது சரியாகவே இருந்தது. ஆனால், கீசருக்கும் ரூம் ஹீட்டருக்கும் போகும் லைன் அதன் வழியாகச் செல்லவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஈரக்கையோடு கீசர் சுவிட்சைத் தொடும் விருந்தினரை நினைத்தபோது எனக்குப் பதறிவிட்டது. இவ்விரண்டையும் சரிசெய்து மீண்டும் அளக்கும்வரை சான்றிதழ் தர முடியாது என்று உறுதியாக மறுத்தார்கள். அந்தக் கண்டிப்பை மனமாரப் பாராட்டுகிறேன்.

குறை ஒன்று உண்டு. கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் பிட்டின் மின்தடையை நவம்பர் மழையில், மண் நன்றாக ஊறியிருந்தபோது அளந்தார்கள். ஈரமண்ணில் அந்த அளவு குறைவாகவே, அதாவது நல்லதாகவே வரும். பிப்ரவரி, மார்ச்சில் மண் காய்ந்ததும் ஏறிவிடும். மண்ணின் நிலை என்னவென்று சான்றிதழில் ஒரு வரியும் இல்லை. நான் கேட்ட பிறகு, கோடையில் மீண்டும் அளந்து தர ஒப்புக்கொண்டார்கள். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். மழைக்காலத்தில் இவர்களை அழைப்பவர்கள், கோடை அளவீட்டையும் சேர்த்தே கட்டணம் பேசிக்கொள்வது நல்லது.