கேமரன் மலையில் பெரிய மீன் தொட்டி: ஹீட்டரை மாற்றுவதா, மூடி போடுவதா, மீனையே மாற்றுவதா?

மீன் தொட்டிக்கு ஹீட்டர் வாங்கினேன் என்று சுங்கை சிப்புட்டிலோ பந்திங்கிலோ இருக்கிற சொந்தக்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் தொட்டிக்கு மேல் காத்தாடி வைத்துச் சூட்டைக் குறைக்கப் பார்க்கிறவர்கள். இங்கே கேமரன் மலையில் கதை வேறு. நம் தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்து லயங்களில் விடியற்காலையில் 16, 17 டிகிரிக்கு இறங்கிவிடும். ரிங்லெட் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் ஆஸ்கர், அரோவானா மாதிரி மீன்களுக்கு 25, 26 டிகிரியாவது வேண்டும், டிஸ்கஸ் என்றால் 28க்குக் கீழே இறக்கவே முடியாது. அதனால் ஹீட்டர் வேண்டுமா என்று இங்கே யாரும் கேட்பதில்லை. பில்லை எப்படிக் குறைப்பது என்பதுதான் பேச்சு. அதற்கு ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கணக்குக்கு நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். விளிம்பு வரை நிரப்பினால் 450 லிட்டர் பிடிக்கும், நாம் வைப்பது 400 லிட்டர்போல. வீட்டுக்குள் சராசரி 19 டிகிரி, தண்ணீர் 27 டிகிரி. மூடியில்லாத வெறும் கண்ணாடித் தொட்டி என்றால், தோராயமாக ஒரு நாளைக்கு ஐந்தரை யூனிட் (கரண்டு பில்லில் வருகிற அதே யூனிட்தான்) சூடு வெளியே போகும். மாதத்துக்கு 165 யூனிட்.

பலரும் முதலில் கை வைப்பது ஹீட்டரில்தான். கண்ணாடிக் குழாய் ஹீட்டரைத் தூக்கிப்போட்டுவிட்டு டைட்டானியம் ஹீட்டர் வாங்கினால் கரண்டு மிச்சம் என்று கடையில் சொல்வார்கள். மிச்சமாகாது. மின்கம்பி சூடாகித் தண்ணீரைச் சூடாக்குகிற எந்த ஹீட்டரும் இழுக்கிற கரண்டு முழுவதையும் சூடாகத்தான் மாற்றுகிறது. நூறு ரிங்கிட் ஹீட்டரும் நானூறு ரிங்கிட் ஹீட்டரும் இதில் ஒன்றுதான். 500 வாட் போட்டால் பில் ஏறும், 300 வாட் போதும் என்பதும் தப்புக் கணக்கு. பெரியது சீக்கிரம் சூடாக்கிவிட்டு அணைந்துவிடும், சின்னது விடிய விடிய எரியும், யூனிட் சமம். டைட்டானியத்துக்கும் சூடு போதுமானதும் ஹீட்டரை அணைக்கிற, வெளியே தனியாக மாட்டும் தெர்மோஸ்டாட்டுக்கும் காசு கொடுக்கலாம்தான், ஆனால் அது மீனின் உயிருக்காக. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு அணையாமல் எரிந்தால் ஒரே இரவில் தொட்டி வெந்துவிடும். ஒரே பெரிய ஹீட்டருக்குப் பதில் இரண்டு நடுத்தர ஹீட்டர் போடச் சொல்வதும் அதனால்தான். பில்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பில்லில் வித்தியாசம் தெரிவது மூடியில். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் அது தன்னோடு கிட்டத்தட்ட 0.68 யூனிட் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. திறந்த தொட்டியில் நாளுக்கு மூன்று லிட்டர் குறைந்தால் இரண்டு யூனிட் காற்றோடு போயிற்று. மலையில்தான் எப்போதும் ஈரக்காற்றாயிற்றே, எப்படி ஆவியாகும் என்று தோன்றலாம். 27 டிகிரித் தண்ணீருக்கு மேல் 18 டிகிரிக் காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும் ஆவியாதல் நிற்காது. சந்தேகம் இருந்தால் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பாருங்கள். பலகைச் சுவராக இருந்தால் மேல் ஓரத்தில் கருப்புப் பொட்டுப் பொட்டாகப் பூஞ்சை ஏறியிருக்கும். அத்தனையும் நீங்கள் காசு கொடுத்துச் சூடாக்கிய தண்ணீர்.

மூடியிலும் இரண்டு வகை. கண்ணாடி மூடி அழகு, வெளிச்சம் நன்றாக விடும், ஆனால் கனம். கழுவ எடுக்கும்போது ஓரம் உடையும். கார் நிறுத்தும் இடத்துக்குக் கூரையாகப் போடுகிறார்களே, உள்ளே அறை அறையாக இருக்கும் இரட்டைச் சுவர் பாலிகார்பனேட், அதில் ஒரு துண்டு வெட்டி வாங்கினால் எடை குறைவு, நடுவில் காற்று அடைபட்டிருப்பதால் சூட்டையும் கண்ணாடியைவிட நன்றாகத் தடுக்கும். என் ஓட்டு இதற்குத்தான். ஒன்றே ஒன்று: அரோவானா எகிறினால் இந்த லேசான தகடு பறந்துவிடும். மேலே கனமாக ஏதாவது வையுங்கள், அல்லது கிளிப் போடுங்கள். ஒயருக்கும் ஃபில்டர் குழாய்க்கும் மட்டும் மூலையில் வெட்டு விட்டால் போதும், மீன் மூச்சுக்கு வேண்டிய காற்று அந்த இடைவெளியிலேயே வரும். ஏர் பம்பும் ஓடட்டும்.

அடுத்தது போர்வை, அதாவது பாலிஸ்டிரீன் என்கிற வெள்ளை நுரைத் தகடு. தொட்டியின் ஐந்து கண்ணாடி முகங்களும் சேர்ந்து 32 சதுர அடி. பின்பக்கமும் இரு ஓரங்களும் மட்டும் 16 சதுர அடி, சரிபாதி. அந்தப் பாதியில் 25 மில்லிமீட்டர் தகடு ஒட்டினால் அங்கே போகிற சூடு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடும். தகடு காசு கொடுத்தும் வாங்கலாம், பசாரில் மீன்காரர் ஐஸ் போட்டுக் கொண்டுவரும் வெள்ளைப் பெட்டியைக் கேட்டு வாங்கி அறுத்தும் ஒட்டலாம். வாசனை போக இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவவேண்டும், அவ்வளவுதான். கண்ணாடியோடு ஒட்டி நிற்கவேண்டும் என்பது முக்கியம். இடையில் விரல் நுழைகிற சந்து விட்டால் காற்று அதற்குள் ஏறி இறங்கிப் பாதிப் பலனைக் கொண்டுபோய்விடும். பொருள்களைச் சுற்றிக் கொடுக்கும் குமிழ் பிளாஸ்டிக்கைச் சிலர் ஒட்டுகிறார்கள். ஒன்றுமில்லாததற்கு அது மேல், பாலிஸ்டிரீனோடு ஒப்பிட முடியாது. அடிப்பக்கத்தை விட்டுவிடுங்கள். நிரப்பிய தொட்டியை யார் தூக்குவது? வேண்டுமானால் ஸ்டாண்டின் பலகைக்குக் கீழே ஒட்டலாம். முன்பக்கத்துக்கு இரவில் பழைய கம்பளி ஒன்றைத் தொங்கவிட்டால் போதும், மீனும் அந்த நேரத்தில் தூங்கும்.

மூடி, போர்வை இரண்டும் சேர்ந்தால் ஐந்தரை யூனிட் மூன்றுக்குக் கீழே வரும். இதை ரிங்கிட்டில் பார்த்தால்தான் உறைக்கும். 2025 ஜூலையில் வந்த புதிய கட்டண முறைப்படி, மாதம் 1,500 யூனிட்டுக்கு உட்பட்ட வீடுகளுக்கு யூனிட் 44.43 சென். அதிலிருந்து சிக்கன ஊக்கத்தொகை கழியும், மொத்தப் பயன்பாடு ஏற ஏற அந்தக் கழிவு குறையும். நமக்கு வலிக்கிற இடம் எது என்றால், கழிவு மொத்த யூனிட்டுக்கும் ஒரே விகிதத்தில் கணக்காகிறது. தொட்டி இல்லாமல் 350 யூனிட் ஓடுகிற வீட்டுக்குக் கழிவு 21 சென், பில் 82 ரிங்கிட். தொட்டியின் 165 சேர்ந்து 515 ஆனால் கழிவு 10.5 சென்னுக்கு இறங்கி, பில் 175 ரிங்கிட்டை நெருங்கும். மூடியும் போர்வையும் போட்டுத் தொட்டியின் 165ஐ 85 ஆக்கி, மொத்தத்தை 435க்குக் கொண்டுவந்தால் 130 ரிங்கிட். வரி நீங்கலாகவே மாதம் 44 ரிங்கிட் மிச்சம். 600 யூனிட்டைத் தாண்டுகிற வீடு என்றால் ரீடெய்ல் சார்ஜ் என்கிற 10 ரிங்கிட் கட்டணமும் சேவை வரியும் வேறு வந்து நிற்கும். ரிங்லெட் சுல்தான் அபு பாக்கார் அணைத் தண்ணீரில் கரண்டு எடுக்கிறார்களே, அந்த ஊர்க்காரர்களுக்காவது ஏதாவது தள்ளுபடி கொடுக்கலாம்!

அறையையே சூடாக்கினால் என்ன? ஒரே தொட்டி என்றால் வேண்டாம். தகரக் கூரையும் பலகைச் சுவரும் உள்ள வீட்டில் ரூம் ஹீட்டர் போடுவது மலைக்கே சூடு போடுகிற வேலை. நான்கைந்து தொட்டி வைத்துக் குஞ்சு பொரிக்கிறவர் சின்ன அறையொன்றை நன்றாக அடைத்துச் செய்தால் பொருந்தும். அப்போதுகூட வெறும் ஹீட்டரைவிட, சூடும் கொடுக்கிற இன்வெர்ட்டர் ஏர்கான்தான் சரி. அது ஒரு யூனிட் கரண்டில் ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு தரும். நம் ஊர்க் கடைகளில் இருப்பதோ பெரும்பாலும் குளிர் மட்டும் தருகிற வகை. தேடிப்பிடித்து 2,000 ரிங்கிட்டில் பொருத்தினாலும், மேலே சொன்ன ஒற்றைத் தொட்டிக்குப் போட்ட காசு திரும்ப வருடக்கணக்கில் ஆகும். கூரையில் சூரிய வெந்நீர்ப் பெட்டி? மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்குகிற ஊரில் அதை நான் யோசிக்கவே மாட்டேன்.

தண்ணீர் மாற்றும்போது கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்துக் கலந்தால் மிச்சம் என்று சில அக்காமார்கள் சொல்கிறார்கள். நூறு லிட்டரை 19லிருந்து 27க்கு ஏற்ற ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக ஆகும். மானிய விலையில் 14 கிலோ தோம்பு 26 ரிங்கிட் 60 சென். ஆனால் அடுப்புச் சூட்டில் பாதி பானையைச் சுற்றி வெளியே போய்விடும். கணக்குப் போட்டால் யூனிட்டுக்கு 30 சென் பக்கம் வருகிறது, கரண்டோடு கிட்டத்தட்ட சமம். வெந்நீர்ப் பானையைத் தூக்கி இடுப்பு பிடித்துக்கொள்வதுதான் மிச்சம்.

டிகிரியைக் குறைப்பதற்குச் செலவே இல்லை. சூடு வெளியேறுவது வித்தியாசத்தைப் பொறுத்தது. அறை 18, தண்ணீர் 28 என்றால் வித்தியாசம் பத்து. 26க்கு இறக்கினால் எட்டு, ஐந்தில் ஒரு பங்கு கரண்டு அப்படியே மிச்சம். ஆஸ்கர் 26ல் சுகமாக இருக்கும். டிஸ்கஸ் வைத்திருப்பவருக்கு இந்த வழி அடைப்பு. புதிதாகத் தொட்டி வைக்கப் போகிறவரா? தங்கமீன் வாங்குங்கள், ஹீட்டர் என்ற பேச்சே இல்லை. நம் குளிர் அதற்கு ரொம்பப் பிடிக்கும். அரோவானா ஆசை பிடித்தவரிடம் போய் இதைச் சொல்லிப் பயனில்லை என்பதும் தெரியும்.

கடைசியாக, நேரத்துக்கு ஏற்ற கட்டணம். ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகள் இதைக் கேட்டு வாங்கலாம். திங்கள் முதல் வெள்ளி வரை மதியம் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரைதான் உச்ச நேரம், மற்ற நேரமும் சனி ஞாயிறும் மலிவு. ஹீட்டர் அதிகம் எரிவது பின்னிரவில் என்பதால் தொட்டிக்கு இது தோதுதான். ஆனால் வித்தியாசம் யூனிட்டுக்கு நான்கு சென் அளவுதான். கட்டணம் மாறுவதோ முழு வீட்டுக்கும். வேலை விட்டு வந்து ஐந்து பேரும் வரிசையாக வெந்நீர்க் குளியல் போடுவது சரியாக அந்த உச்ச நேரத்தில். அந்தப் பழக்கத்தை மாற்றாமல் இந்தத் திட்டத்துக்கு எழுதிக் கொடுத்தால், தொட்டியில் மிஞ்சியது குளியலறையில் போய்விடும்.