பிளாகரில் ஒரு குடும்பக் குறிப்பேடு: இரண்டு குறிஞ்சிகளைப் பார்த்த பின் எழுதும் மதிப்புரை

2006-ஆம் ஆண்டு குறிஞ்சி பூத்திருந்த நாட்களில், கொடைக்கானல் ஏழு ரோட்டுக்கு அருகில் அப்போதிருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளின் துணையோடு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, வலைப்பூ எழுத இடம் தரும் பிளாகர் தளத்தில் என் முதல் பதிவை இட்டேன். குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் நான்கு வயது மகள், "பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பூக்குற பூவைப் பறிச்சா பன்னெண்டு வருஷமும் திட்டுவாங்களாம்மா?" என்று கேட்டதுதான் அந்தப் பதிவின் மொத்தச் செய்தி. எட்டு வரிகள். அடுத்த குறிஞ்சி 2018-இல் பூத்தபோது, அந்த எட்டு வரிகளைப் பதினாறு வயதுப் பெண்ணாகத் தன் கைப்பேசியில் அவளே படித்துக்கொண்டிருந்தாள். இடைப்பட்ட காலத்தில் கொல்லைப்புறத்துப் பிளம்ஸ் மரம் பட்டுப்போனது, மாமியாரின் கண் அறுவை, கணவருக்கு வந்த இடமாற்றம், அது ரத்தானது என்று அறுநூற்றுச் சொச்சம் பதிவுகள் சேர்ந்துவிட்டன. வீட்டு வாழ்க்கையை எழுதி வைப்பதற்கு இந்தச் சேவை எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை மட்டுமே இங்கு எழுதுகிறேன். வாசகர் கூட்டத்தையோ வருமானத்தையோ நாடுபவர்களுக்கு இந்த மதிப்புரையால் பெரிய பயன் இருக்காது.

1999-இல் பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் தொடங்கிய பிளாகரை 2003-இல் கூகுள் வாங்கியது. கூகுள் கணக்கு இருந்தால் போதும், கட்டணம் கிடையாது. நாமாக இணைத்தாலொழிய நம் பக்கத்தில் விளம்பரமும் வராது. சொந்த முகவரி வேண்டுமென்று நினைத்தால் அந்த முகவரியைப் பதிவுசெய்யும் ஆண்டுக் கட்டணம் மட்டும் நம்முடையது. தோற்றத்தில் இது பழைய காலத்துச் சேவைதான், அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் வீட்டுக் குறிப்பேட்டுக்கு அலங்காரத்தைவிட இன்றியமையாத ஒன்று இருக்கிறது. அது தேதி.

ஒரு பதிவின் தேதியையும் நேரத்தையும் நாம் விரும்பியபடி பின்னுக்கு நகர்த்தும் வசதி பிளாகரில் இருக்கிறது. சிறிய வசதி என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்த மலையையும் கடந்து போனபோது மரங்கள் சாய்ந்து, சாலைகள் அடைபட்டு, எங்கள் தெருவில் பல நாட்கள் மின்சாரமே இல்லை. நான் தமிழ் கற்பிக்கும் பள்ளியின் பழைய வருகைப் பதிவேட்டில் எஞ்சியிருந்த வெற்றுத் தாள்களில் ஒவ்வோர் இரவும் நான்கைந்து வரி எழுதி வைத்தேன். மின்சாரம் வந்த பிறகு அவற்றை ஒரே நீண்ட கட்டுரையாக்காமல், அந்தந்த நாளின் தேதியிலேயே தனித்தனியாக ஏற்றினேன். "மூன்றாம் நாள். மெழுகுவர்த்தி தீர்ந்தது. அத்தை விளக்கெண்ணெயில் திரி போட்டு, தன் பிள்ளைப் பருவத்தில் இந்த வெளிச்சத்தில்தான் படித்ததாகச் சொன்னார், அவர் பள்ளிக்குப் போனதே இல்லை என்பதைக் கணவர் நினைவூட்டியதும் திரியைத் தூண்டிவிடுவதில் மும்முரமானார்" என்ற பதிவு, நினைவிலிருந்து எழுதிய ஒரு தொகுப்புக் கட்டுரைக்குள் நிச்சயமாகத் தங்கியிருக்காது. புயலைப் பற்றிய செய்தி எங்கும் கிடைக்கும்; அந்த மூன்றாம் நாள் இரவு எங்கள் பக்கத்தில் மட்டுமே இருக்கிறது. இதே வரிகளை முகநூலில் இட்டவர்கள் இன்று அதைத் தேடி எடுக்க எவ்வளவு தூரம் உருட்ட வேண்டியிருக்கிறது என்பதைப் பார்த்திருக்கிறேன். பிளாகரின் பக்கவாட்டில் ஆண்டு, மாதம் என்று அடுக்கியிருக்கும் பழைய பதிவுகளின் பட்டியல், பார்க்க எத்தனை மந்தமாக இருந்தாலும், இந்த வேலையில் அதற்கு இணையில்லை.

பதிவுகளை வகை பிரிக்கும் குறிச்சொற்களைத் தொடக்கத்திலேயே ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை. பரணில் கட்டித் தொங்கவிட்ட மலைப்பூண்டைப் பற்றி எழுதியவை 'பூண்டு', 'மலைப்பூண்டு', 'கொடைக்கானல் பூண்டு' என்று மூன்று இடங்களில் சிதறிக் கிடந்தன. 2019-இல் அந்தப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பழையவற்றைத் தொகுத்துப் பார்க்கும் ஆசையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இந்த மூன்றையும் ஒன்றாக்குவதில் கழித்தேன்.

தமிழில் எழுதுபவருக்கு இந்தச் சேவை தரும் தொல்லை ஒன்று உண்டு. தலைப்பைத் தமிழில் மட்டும் இட்டால், பதிவின் இணைய முகவரியை அமைக்கும்போது பிளாகர் தமிழ் எழுத்துகளை விட்டுவிட்டு, 'பிளாக்-போஸ்ட்' என்றும், அதே பெயர் முன்பே இருந்தால் அதற்குப் பின்னால் ஓர் எண்ணைச் சேர்த்தும் வைத்துவிடும். பாட்டியின் மறைவைப் பற்றியதும் பக்கோடா செய்முறையும் முகவரியளவில் இரட்டைப் பிள்ளைகளாகிவிடும். வெளியிடுவதற்கு முன்பே, நிரந்தர இணைப்பு என்ற பகுதியில் ஆங்கில எழுத்துகளில் ஒரு பெயரை நாமே எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை. இன்னொரு வலைப்பூச் சேவையான வேர்ட்பிரஸ் தமிழ் எழுத்துகளை ஏற்றுக்கொள்ளும் என்றாலும், அந்த இணைப்பை வாட்ஸாப்பில் ஒட்டும்போது விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக அரைப் பக்கத்துக்கு நீண்டு, பார்ப்பவர் வைரஸ் என்று பயந்து அழித்துவிடுவார். இப்போதெல்லாம் தட்டச்சு ஒரு தடையே இல்லை. கைப்பேசியில் பேசினாலே தமிழில் எழுத்தாகிறது. கூகுள் 2017-இல் தமிழுக்கும் தந்த வசதி இது. என் பேச்சை ஓரளவு சரியாகவே எழுதும் அந்தக் கருவி, வத்தலக்குண்டுப் பக்கத்துப் பேச்சுடைய மாமியார் ஊறுகாய்ப் பக்குவம் சொல்லத் தொடங்கினால் தானாக ஒரு புதுப் பக்குவத்தை எழுதிவிடுகிறது. ஆகவே அவர் சொல்வதை நானே கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

இனி இந்தச் சேவையின் பெருங்குறைக்கு வருகிறேன். குடும்பத்தைப் பற்றி எழுதும் எவரும் இதைத் தெரிந்துகொண்டுதான் தொடங்க வேண்டும். பிளாகரில் வலைப்பூ முழுவதையும் எல்லோருக்கும் திறந்து வைக்கலாம், அல்லது முழுவதையும் நாம் அழைக்கும் சிலருக்கு மட்டும் என்று மூடி வைக்கலாம். இந்த ஒரு பதிவை மட்டும் வீட்டாருக்குக் காட்டு, மற்றதை ஊருக்குக் காட்டு என்று பிரித்துச் சொல்ல வழி கிடையாது. வேர்ட்பிரஸில் தனியொரு பதிவுக்கு மட்டும் கடவுச்சொல் இட முடியும். குடும்பக் கதையில் பாதி திண்ணையில் சொல்லத்தக்கது, மீதி அடுக்களையைத் தாண்டக் கூடாதது. இரண்டையும் ஒரே வாரத்தில் எழுதுகிறவருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது.

எனக்கு அது புரிந்தது தாமதமாகத்தான். மகள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, அவள் இரண்டாம் வகுப்பில் பைன் மரக்காட்டுச் சுற்றுலாவில் பயந்து அழுது, ஆசிரியையின் சேலை முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பியதைப் பற்றி நான் ரசித்து எழுதியிருந்த பதிவை வகுப்புத் தோழிகள் கண்டுபிடித்துவிட்டனர். வீட்டில் அவளைக் கூப்பிடும் செல்லப்பெயரை ஒருத்தி விளையாட்டாகத் தேடியிருக்கிறாள், அவ்வளவுதான். மறுநாள் வகுப்பில் அவளுடைய மேசைமீது யாரோ ஒரு கைக்குட்டையை மடித்து வைத்திருந்தார்கள். அன்று மாலை அவள் அழவுமில்லை, கோபப்படவுமில்லை. "இது என் கதைம்மா. நீ எழுதி வெச்சிருக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கணக்குப் புத்தகத்தைப் பிரித்தாள். எழுதியது நான், நடந்ததும் என் கண்முன்தான் என்றெல்லாம் சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

அந்த இரவில் உதவியது, நான் அதுவரை தொட்டே பார்க்காத ஒரு வசதி. வெளியிட்ட பதிவை அழிக்காமலேயே வரைவுநிலைக்குத் திருப்பிவிடலாம். எழுத்து நம்மிடம் இருக்கும், வெளியார் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தேடுபொறிகளின் நினைவில் அது சில நாட்கள் நீடிக்கக்கூடும் என்பதையும், இணையக் காப்பகங்கள் எடுத்து வைத்த பிரதிக்கு நம் வரைவுநிலை பொருந்தாது என்பதையும் சேர்த்தே கணக்கில் கொள்ள வேண்டும். சட்டம் வந்து காக்கும் என்று எண்ணிவிடவும் வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமே பொதுவெளியில் வைத்த தம் தகவல்களுக்குப் பொருந்தாது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு அந்தச் சட்டம் தரும் எடுத்துக்காட்டே, வலைப்பதிவில் தன் கருத்தை எழுதும்போது தன் விவரங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு பெண்தான்.

பிறகு நாங்கள் இருவருமாக ஒரு வழி கண்டோம். ஒரே கணக்கில் பல வலைப்பூக்களை வைத்துக்கொள்ள பிளாகர் அனுமதிக்கிறது. எங்கள் பதிவுகள் முழுவதையும் ஒரு கோப்பாக இறக்கி, அழைக்கப்பட்டவர் மட்டும் படிக்கும்படி புதிதாகத் தொடங்கிய இரண்டாவது வலைப்பூவில் ஏற்றினோம். ஏற்றும்போது, எல்லாவற்றையும் தானாக வெளியிடும் தெரிவை அணைத்துவிட்டால், அத்தனையும் வரைவுகளாக வந்து வரிசையில் நிற்கும். அரையாண்டு விடுமுறையில் மகள் ஒவ்வொன்றாகத் திறந்து, 'ஊருக்கு', 'வீட்டுக்கு', 'யாருக்கும் வேண்டாம்' என்று பிரித்தாள். தன் மானத்தைவிடத் தன் அப்பாவின் மானத்தில்தான் அவள் அதிகக் கண்டிப்பாக இருந்தாள் என்பது எனக்கு வியப்பு. நான் நகைச்சுவை என்று நினைத்து எழுதிய கணவரின் சமையல் முயற்சிகளில் ஏழு, 'வீட்டுக்கு' என்ற பக்கம் போய்விட்டன. மூடிய வலைப்பூவுக்குள் வர, அழைக்கப்பட்டவர் தம் கூகுள் கணக்கில் நுழைய வேண்டும் என்பதால், கணக்கே இல்லாத முதியோருக்கு இந்த ஏற்பாடு உதவாது. மாமியாருக்காக மாதம் ஒருமுறை பெரிய எழுத்தில் அச்செடுத்து வைத்துவிடுகிறேன். படிப்பது பேத்தி, கேட்பது அவர். தம்மைப் பற்றிய இடங்களில் மட்டும் "இன்னொரு தரம் படி" என்பார்.

இறக்கி வைக்கும் அந்தக் கோப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நாங்கள் காப்புப்பிரதியாக இறக்கிய எக்ஸ்எம்எல் கோப்பில் எழுத்துகளும் பின்னூட்டங்களும் இருந்தன. படங்கள் இல்லை, அவை இருக்கும் இடத்தின் முகவரிகள் மட்டுமே இருந்தன. இதன் பொருளை நான் வேறோரிடத்தில் கற்றேன். தொடக்க ஆண்டுகளில் படங்களை ஒரு தனிச் சேமிப்புத் தளத்தில் ஏற்றி, பதிவில் இணைப்பை மட்டும் கொடுத்து வந்தேன். அந்தத் தளம் ஒருநாள் கடையைக் கட்டியதும், 2006 குறிஞ்சியின் படங்கள் இருந்த இடங்களில் சாம்பல் நிறக் கட்டங்கள் மட்டும் எஞ்சின. அன்று எடுத்த ஃபிலிம் ரோலின் இரண்டு அச்சுப் பிரதிகள் பீரோவுக்குள் இருந்ததால் பிழைத்தோம். ஆகவே படங்களைத் தனியாக ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்வது கட்டாயம். பிற சேவைகளைப் பிளாகரோடு பிணைத்துக்கொள்வதிலும் எச்சரிக்கை தேவை. கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019-இல் மூடப்பட்டபோது, அதன் வழியே பிளாகரில் இடப்பட்ட பின்னூட்டங்களும் உடன் போயின. புதிய பதிவு வந்ததும் உறவினருக்குத் தானாக மின்னஞ்சல் அனுப்பிய வசதியும் 2021-இல் நின்றது. இப்போது இணைப்பை நாமே குடும்பக் குழுவில் போட வேண்டும்.

கணக்கு யாருக்குப் போகும் என்பதையும் இப்போதே முடிவுசெய்துவிடுவது நல்லது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்குகளை நீக்கக்கூடும் என்று கூகுள் 2023-இல் அறிவித்தது. கணக்கின் அமைப்புகளில், நாம் குறிக்கும் காலம் வரை கணக்கைத் தொடாமல் இருந்தால் அதிலுள்ளவற்றை நாம் நம்பும் பத்துப் பேர் வரை ஒப்படைக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. எந்தெந்தச் சேவையின் உள்ளடக்கம் யாருக்கு என்றும் பிரித்துச் சொல்லலாம். பத்து நிமிட வேலை. நான் மகளின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். உயிரோடு இருக்கும்போதே ஏன் கூடாது என்று தோன்றியதால், போன மாதம் இரண்டு வலைப்பூக்களிலும் அவளுக்கு நிர்வாகி உரிமையும் கொடுத்தேன். எழுத்தாளர் உரிமை மட்டும் பெற்றவர் தம் பதிவுகளைத்தான் திருத்த முடியும். நிர்வாகிக்கு எல்லாப் பதிவுகளிலும் கைவைக்கலாம். அவள் செய்த முதல் வேலை, 2009-ஆம் ஆண்டுப் பதிவொன்றில் தமிழாசிரியையான நான் விட்டிருந்த ஒற்றுப்பிழையைத் திருத்தியது. இரண்டாவது வேலையாக, பைன் மரக்காட்டுப் பதிவை அவளே வரைவிலிருந்து எடுத்து, தன் செல்லப்பெயரை மட்டும் நீக்கிவிட்டு, மீண்டும் 'ஊருக்கு' என்ற பக்கத்தில் வெளியிட்டிருக்கிறாள்.