திங்க்பேட் பி53: பழையதாக வாங்கலாமா?

2019இல் வந்த லெனோவோ திங்க்பேட் பி53 லேப்டாப், இன்றும் ரேமும் எஸ்எஸ்டியும் (சேமிப்பு டிரைவ்) கூட்டிக்கொள்ள அருமையான மெஷின். நான்கு ஸ்லாட்டில் டிடிஆர்4 ரேம் 128 ஜிபி வரை ஏற்கும். அதில் இரண்டு ஸ்லாட் கீபோர்டுக்கு அடியில் இருப்பதுதான் தொல்லை. எஸ்எஸ்டிக்கு மூன்று எம்.2 ஸ்லாட் (சின்ன அட்டை வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம்) உண்டு. இசிசி ரேம் (தரவுப் பிழையைத் தானே திருத்தும் ரேம்) வேண்டுமென்றால் இன்டெலின் ஜியான் ப்ராசஸர் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். மெஷினைக் கழற்றுமுன் பயாஸில் (மெஷின் ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை செட்டிங்) உள் பேட்டரியை முடக்கிவிடுங்கள்.

ரெண்டர் (3டி காட்சியையோ வீடியோவையோ உருவாக்கும் கனமான வேலை) ஓடும்போது வேகம் பொசுக்கென்று விழுகிறதா? முதலில் அடாப்டரைப் பாருங்கள். 230 வாட் வேண்டிய இடத்தில் சின்ன அடாப்டரைச் செருகினால் ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அடாப்டர் சரியென்றால் ஃபேனைக் கழற்றுங்கள். ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் பாகம்) தகடுகளின் வாயில் தூசி கம்பளித்துண்டு மாதிரி அப்பிக் கிடக்கும். அதைச் சுரண்டி எடுத்து, ப்ராசஸர் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும், காய்ந்து பொரிந்த தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றிவிடுங்கள்.