அடிபட்ட நாய்க்காகச் சேர்ந்த 186,500 ரூபாவைப் பறிகொடுத்துவிட்டோம், நீங்களாவது கவனமாக இருங்கள்

கை நடுங்க நடுங்கத்தான் இதை எழுதுகிறேன். 186,500 ரூபா. லண்டனில் இருக்கும் சித்தி, டொரொண்டோவில் இருக்கும் அண்ணாவின் நண்பர்கள், என்னோடு படித்தவர்கள், முகமே தெரியாத பலர் எங்கள் ஜிம்மிக்காகத் தந்த காசு.

இரண்டு கிழமைக்கு முன், சனிக்கிழமை இரவு, வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் வேகமாக வந்த வேன் ஒன்று அவனை அடித்துவிட்டு நிற்காமல் போனது. பெட்ஷீட்டில் கிடத்தி ஓட்டோவில் ஏற்றி விலங்கு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வலியில் அப்பாவின் கையையே கடித்துவிட்டான். பக்கத்து வீட்டு மாமா பனடோல் கரைத்துப் பருக்கச் சொன்னார். நல்லவேளை, கொடுக்கவில்லை. நமது வலி மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகிவிடும் என்று பிறகு வைத்தியர் சொன்னார். பல் முரசெல்லாம் வெளிறி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். சேலைன், ஒட்சிசன், நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் முடிந்த பிறகே காலைப் பார்த்தார்கள். தொடையெலும்பும் இடுப்பெலும்பும் முறிந்திருந்தன. தகடு வைத்துச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும், ஒரு கிழமைக்குள் செய்தால் நல்லது, பிந்தினால் எலும்பு பிழையாகப் பொருந்தத் தொடங்கும் என்றார். செலவு இரண்டு லட்சத்துக்கு மேல்.

வெளிநாட்டுச் சொந்தங்கள் உதவத் தயாராக இருந்தார்கள். ஆனால் வெளிநாட்டு நிதி திரட்டும் தளங்கள் பலவற்றில் இலங்கை வங்கிக் கணக்கைச் சேர்க்கவே முடியாது. அந்த நேரத்தில்தான் விலங்குகளுக்கு உதவும் முகநூல் பக்கம் ஒன்றிலிருந்து மெசேஜ் வந்தது. தாங்களே பதிவு போட்டு, தங்கள் கணக்கில் பணம் சேர்த்து, முழுதாகத் தருவோம் என்றார்கள்.

பேசியவள் என்னைவிடச் சின்னப் பெண்போல இருந்தாள். "அக்கா, ஜிம்மி சாப்பிடுகிறானா?" என்றுதான் முதலில் கேட்டாள். காசைப் பற்றி அல்ல, அவனைப் பற்றி. மருத்துவமனையின் மதிப்பீட்டுச் சீட்டும் எக்ஸ்ரே படமும் வேண்டும் என்றாள். அப்படிக் கேட்டதால்தான் நம்பினேன். ஆதாரம் பார்த்துச் செய்கிறவர்கள் என்று நினைத்தேன். "நீங்கள் அவனைப் பாருங்கள் அக்கா, காசை நாங்கள் பார்க்கிறோம்" என்று குரல் பதிவு அனுப்பினாள். அதைக் கேட்டு அம்மா அழுதேவிட்டார்.

நான்கே நாளில் 186,500 ரூபா சேர்ந்துவிட்டதாக அவர்களே படத்தோடு போட்டார்கள். அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. வெளிநாட்டுப் பணம், வங்கி விடுவிக்க நாள் எடுக்கும் என்றார்கள். சரி என்று இருந்தேன். பிறகு போயா விடுமுறை, வங்கி பூட்டு. பிறகு கணக்கைப் பார்க்கும் அண்ணா ஊரில் இல்லை. ஜிம்மி கூண்டுக்குள் திரும்பிப் படுக்கவும் முடியாமல் முனகுகிறான், மருத்துவமனைக்காவது நேராகக் கட்டுங்கள் என்று கெஞ்சினேன். "உங்கள் நாய் ஒன்றுதானா எங்களுக்கு?" என்று பதில் வந்தது. அதே பெண், அதே குரல். கடைசியில், பணத்தை விடுவிக்க 9,500 ரூபா கட்டணம் நான் கட்ட வேண்டுமாம். முடியாது என்றேன். பத்து நிமிடத்தில் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். எங்கள் ஜிம்மியின் படம் போட்ட பதிவு அங்கே இன்னும் இருக்கிறது, இன்னும் காசு கேட்டுக்கொண்டிருக்கிறது!

அம்மா தன் காப்புகளை அடைவு வைத்து, பதினோராம் நாள்தான் சத்திரசிகிச்சை நடந்தது. எலும்பு ஒட்டத் தொடங்கியிருந்ததால் இரட்டிப்பு நேரம் எடுத்தது. உயிரோடு இருக்கிறான். நொண்டுவானா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

மருத்துவமனைக் காசாளரிடம் இதையெல்லாம் சொன்னபோது, "எங்கள் கணக்குக்கே நேராக அனுப்பச் சொல்லியிருக்கலாமே" என்றார். நான் கேட்கவே இல்லை. அந்த ஒரு கேள்வி கேட்டிருந்தால் 186,500 ரூபாவும் இன்று அவனுடைய பில்லில் இருந்திருக்கும்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. மருத்துவமனையின் கணக்கிலக்கத்தை வாங்கி, நோயாளி இலக்கத்தோடு அதையே பகிருங்கள். இடையில் யாருடைய சொந்தக் கணக்கும் வேண்டாம். நாயின் படத்தையும் எக்ஸ்ரேயையும் தெரியாதவர்களுக்குக் கொடுக்காதீர்கள், அதை வைத்துத்தான் மற்றவர்களையும் ஏமாற்றுகிறார்கள். உங்கள் காசை உங்களுக்குத் தர யாராவது காசு கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அவர்கள் உங்களை பிளாக் செய்வதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இணைய மோசடிகளை அறிவிக்க, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் (Sri Lanka CERT) 101 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். ஜிம்மிக்கென்று காசு அனுப்பியவர்கள் யாராவது இதைப் படித்தால், வங்கிச் சீட்டை அழித்துவிடாதீர்கள். எனக்கு அனுப்புங்கள், முறைப்பாட்டோடு சேர்க்க வேண்டும்.