மஞ்சள் அட்டை பின்வாங்கிய மேசை: லாஸ் வேகஸில் ஒரு பிளாக்ஜாக் கூடம்

லாஸ் வேகஸ் நகரின் பழைய பகுதியான ஃபிரீமான்ட் தெருவில், பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு நடுத்தர கேசினோவில் நான்கு நாள் தங்கி ஏறத்தாழ பதினோரு மணி நேரம் பிளாக்ஜாக் ஆடினேன். அந்த விடுதியின் அறைகளைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் எழுதுவதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது, அங்கே சீட்டுப் போடும் டீலர்களைப் பற்றியும், ஆடுகிறவர் சீட்டுகளை எண்ணுகிறார் என்பது தெரிந்த பிறகு அவர்களும் அவர்களுடைய மேற்பார்வையாளர்களும் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியும்தான். நான் எண்ணி ஆடுகிறவன். அதை முதலிலேயே சொல்லாமல் இந்த மதிப்பீட்டை எழுதினால் அது யாருக்கும் பயன்படாது.

இந்த விஷயத்தைப் புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். பிளாக்ஜாக் என்பது 21ஐத் தாண்டாமல் டீலரைவிட அதிகக் கூட்டுத்தொகை பெற முயலும் சீட்டாட்டம். அதில் ஒருமுறை போட்டு முடிந்த சீட்டு அடுத்த கலைப்பு வரை திரும்பி வருவதில்லை. ஆகவே வெளியே வந்தது என்ன என்று கவனித்தவருக்கு, பெட்டிக்குள் மிச்சமிருப்பது என்ன என்பது ஓரளவு தெரியும். 2 முதல் 6 வரை எந்தச் சீட்டு வந்தாலும் ஒன்று கூட்ட வேண்டும். பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் வந்தால் ஒன்று கழிக்க வேண்டும். 7, 8, 9 கணக்கில் சேராது. வரும் தொகையை, இன்னும் போடாமல் இருக்கும் கட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதுதான் உண்மைக் கணக்கு. தொகை 12, மிச்சம் மூன்று கட்டு என்றால் உண்மைக் கணக்கு 4. பெரிய சீட்டுகள் மிகுந்திருக்கும்போது பிளாக்ஜாக், அதாவது முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்து மதிப்புள்ள ஒன்றும், அடிக்கடி விழும். அது ஆடுகிறவருக்கு விழுந்தால் ஒன்றரை மடங்கு கிடைக்கும், டீலருக்கு விழுந்தால் அந்தக் கூடுதல் இல்லை. தவிர, 12 முதல் 16 வரை வைத்திருக்கும் டீலர் கட்டாயம் இன்னொரு சீட்டு எடுத்தாக வேண்டும் என்பதால், 21ஐத் தாண்டித் தோற்பதும் அப்போது கூடுகிறது. அந்த நேரத்தில் பந்தயத்தை ஏற்றி, மற்ற நேரமெல்லாம் குறைந்தபட்சத்தில் காத்திருப்பது, இவ்வளவுதான் செய்வது. எட்வர்ட் தார்ப் என்ற கணித ஆசிரியர் எண்ணுகிறவருக்கு மேல்கை உண்டு என்பதைக் கணினியின் துணையோடு நிறுவி 1962இல் புத்தகமாக வெளியிட்ட நாளிலிருந்து, மேசையின் இரு பக்கமும் இருப்பவர்கள் ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இதில் கிடைக்கும் மேல்கை ஏறத்தாழ ஒரு சதவீதம்தான். மணிக்கு 70 கை (அதாவது 70 ஆட்டம்), சராசரிப் பந்தயம் 50 டாலர் என்று வைத்துக்கொண்டால், தவறில்லாமல் ஆடுகிறவருக்கு எதிர்பார்க்கக்கூடிய வரவு 35 டாலர். ஆனால் அதே ஒரு மணி நேரத்தில் நானூறு ஐந்நூறு டாலர் மேலே போவதும் கீழே போவதும் சாதாரணம். சம்பளம் போல மாதாமாதம் வரும் என்று நினைத்துக் கையில் இருக்கும் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இனி அந்தக் கூடம். ஆறு கட்டுகள், அதாவது 312 சீட்டுகள், ஷூ என்று அழைக்கப்படும் பெட்டியில் இருந்து போடப்படுகின்றன. குறைந்தபட்சப் பந்தயம் வார நாள்களில் 15 டாலர், மாலையில் 25. பிளாக்ஜாக்குக்கு 3:2 தருகிறார்கள், அதை மேசையின் துணியிலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். இதைச் சிறிய விஷயமாக எண்ண வேண்டாம். இப்போது பல கூடங்களில் 6:5 என்று மாற்றிவிட்டார்கள். 25 டாலர் கட்டியவருக்கு 37.50 கிடைக்க வேண்டிய இடத்தில் 30 மட்டும் கிடைக்கும், அந்த ஒரு மாற்றமே கேசினோவின் மேல்கையை ஏறத்தாழ 1.4 சதவீதம் உயர்த்திவிடுகிறது. எண்ணத் தெரிந்தவரும் தெரியாதவரும் 6:5 மேசையில் உட்காராமல் இருப்பதே நல்லது. இங்கே டீலர் மென்மையான 17இல், அதாவது ஏஸை 11ஆக எண்ணி வரும் 17இல், இன்னொரு சீட்டு எடுக்கிறார், அது நமக்குச் சற்றுப் பாதகம்தான். மற்றபடி விதிகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதல் நாள் மாலை எனக்குச் சீட்டுப் போட்டவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. நான் பல ஊர்களில் பார்த்த டீலர்களில் இவ்வளவு சுத்தமான கை அரிது. சீட்டு பெட்டியில் இருந்து வெளிவந்து மேசையில் படும்போது சத்தமே இல்லை. கூட்டுத்தொகையைச் சொல்வதில் பதினோரு மணி நேரத்தில் ஒரு பிழைகூட நான் கேட்கவில்லை. ஆங்கிலம் தடுமாறிய ஓர் இளைஞர் 11 வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று விழித்தபோது, அவசரப்படுத்தாமல் அவர் முடிவெடுக்கும் வரை கையை மேசைமேல் வைத்துக் காத்திருந்தார். எந்த இடத்தில் நிறுத்திக் கலைக்க வேண்டும் என்று காட்டும் மஞ்சள் நிற வெட்டும் அட்டையைப் பின்னாலிருந்து ஒன்றரைக் கட்டு தள்ளிச் செருகினார், அதாவது நாலரைக் கட்டு வரை சீட்டு வெளியே வரும். எண்ணி ஆடுகிறவருக்கு இதைவிட முக்கியமான தகவல் வேறில்லை. பெட்டியின் கடைசிப் பகுதியில்தான் கணக்கு கனியும்.

இரண்டாம் நாள் இரவு அவரே என்னைக் கண்டுகொண்டார். என் தவறு எங்கே நடந்தது என்பது எனக்குத் துல்லியமாகத் தெரியும். ஒரே சுற்றில் சின்னச் சீட்டுகளாக விழுந்து தீர, நான் 25இல் இருந்து 150க்குத் தாவினேன். அடுத்த கையில் டீலர் தமக்குத் திறந்து வைத்த சீட்டு ஏஸ். அவர் இன்சூரன்ஸ், அதாவது டீலருக்குப் பிளாக்ஜாக் இருக்கும் என்று பாதித் தொகை வைக்கும் துணைப் பந்தயம், வேண்டுமா என்று வழக்கம் போலக் கேட்டார். அதுவரை ஒரு தடவைகூட அதை எடுக்காத நான், தயங்காமல் 75 டாலரை நகர்த்தினேன். உண்மைக் கணக்கு 3ஐத் தொட்டால் இன்சூரன்ஸ் எடுப்பதே சரி, அதற்குக் கீழே எடுப்பது நஷ்டம். அந்தக் கோடு எனக்குத் தெரியும் என்பதை அந்த மூன்று சிப்புகளே அவருக்குச் சொல்லிவிட்டன. அவர் கை பெட்டியின்மேல் ஒரு கணம் நின்றது. ஆடி முடிந்த சீட்டுகள் அடுக்கிய தட்டைப் பார்த்தார், என் சிப்புகளைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். பின்னால் திரும்பாமலே, "மேசையில் நூற்றைம்பது" என்று மேற்பார்வையாளருக்குக் குரல் கொடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

அது அவர் வேலை. பெரிய பந்தயம் வந்தால் அறிவிக்க வேண்டும், வழக்கத்துக்கு மாறாக எதையாவது கண்டால் சொல்ல வேண்டும் என்பது டீலரின் கடமைகளில் சேர்ந்தது. சொன்ன பிறகு கூரையில் இருக்கும் கேமராக்களின் வழியே வேறு ஒருவர் அதே சீட்டுகளை எண்ணிப் பார்த்து, ஆளின் பந்தயம் கணக்கோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்று ஒப்பிடுவார். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. அவர் கவனிக்காமல் இருந்திருந்தால்தான் அந்தக் கையின் திறமையைப் பற்றி நான் மேலே எழுதியதைக் குறைத்து எழுதியிருப்பேன்.

அடுத்த பெட்டி கலைத்து முடிந்ததும் மேற்பார்வையாளர் மேசைக்கு வந்தார். இளைஞர், கழுத்துப்பட்டி சற்றுத் தளர்ந்திருந்தது. என்னை மட்டும் பார்த்துப் பேசாமல் மேசையில் இருந்த ஐந்து பேரிடமும், "இந்த மேசையில் இனிப் பாதிப் பெட்டிதான் போடுவோம், யாருக்காவது ஆட்சேபம் என்றால் பக்கத்து மேசையில் இடம் இருக்கிறது" என்றார். டீலர் மஞ்சள் அட்டையை எடுத்து, முன்பு வைத்த இடத்தைத் தாண்டி, சீட்டுக் கட்டின் நடுவே, மூன்று கட்டு இந்தப் பக்கம் மூன்று கட்டு அந்தப் பக்கம் என்று செருகினார். எண்ணி ஆடுகிறவருக்கு அத்தோடு அந்த மேசை முடிந்தது, ஏனென்றால் கணக்கு கனிவதற்குள் கலைத்துவிடுவார்கள். மற்ற நால்வருக்கு அதனால் நஷ்டம் ஏதும் இல்லை, சற்று அதிக நேரம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் நான் வேறு மேசையில் உட்கார்ந்து கால் மணி நேரம் ஆவதற்குள் அதே மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து, மற்றவர் காதில் விழாத குரலில், "சார், உங்கள் ஆட்டம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. பிளாக்ஜாக் மட்டும் வேண்டாம், மற்ற எதை வேண்டுமானாலும் ஆடுங்கள், அறையும் உங்களுடையதுதான்" என்றார். பந்தயத்தை மாற்றாமல் ஒரே தொகையாகக் கட்டி ஆடலாமா என்று கேட்டேன்; அதற்கு ஒப்புக்கொண்டார். தோளில் கை வைக்கவில்லை, அடையாள அட்டை கேட்கவில்லை, காவலர் யாரையும் கூப்பிடவில்லை.

சட்டம் அவர் பக்கம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நெவாடாவில் மனத்தால் எண்ணுவது குற்றமே அல்ல. கருவி எதையாவது வைத்து எண்ணுவதுதான் 1985 முதல் குற்றம். ஆனால் கேசினோ தனியார் இடம் என்பதால், வேண்டாத ஆட்டக்காரரை வெளியே போகச் சொல்லும் உரிமை அதற்கு உண்டு. நியூ ஜெர்சியில் நிலைமை வேறு. பசிபிக் பங்குச் சந்தையில் உயர் பதவியில் இருந்துவிட்டுச் சீட்டு மேசைக்கு வந்த கென் அஸ்டன் தொடுத்த வழக்கில், எண்ணுகிறார் என்பதற்காக ஒருவரை அட்லாண்டிக் சிட்டி கேசினோக்கள் தாமாகத் தடுக்க முடியாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. அதனால் அங்கே வெளியே போகச் சொல்வதற்குப் பதிலாக, விரைவில் கலைப்பதும் பந்தயத்தின் உச்சவரம்பைக் குறைப்பதும் வழக்கமாயின. அஸ்டன் வென்றது பெரிய வெற்றிதான், எனக்கு அவர்மீது மரியாதை உண்டு. என்றாலும் ஒரு ஆட்டக்காரனாக, நேரே வந்து "வேண்டாம்" என்று சொல்லும் முறையே எனக்குப் பிடித்திருக்கிறது.

அதற்குக் காரணம், இந்தப் பயணத்திலேயே பெரிய சாலையில் உள்ள வேறொரு பகட்டான கேசினோவில் நான் கண்ட காட்சி. அங்கே என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் பந்தயத்தை ஏற்றும் ஒவ்வொரு தடவையும் டீலர் பாதியில் நிறுத்தி, பெட்டியைக் கவிழ்த்துக் கலைத்தார். நான் குறைந்தபட்சத்துக்கு இறங்கியதும் மோசமான பெட்டியைக் கடைசி வரை போட்டார். இதன் பொருள் என்னவென்றால், ஆடுகிறவருக்குச் சாதகமான சீட்டுகள் மிச்சமிருக்கும்போதெல்லாம் அவை கலைந்து போகின்றன, பாதகமானவை மட்டும் முழுமையாக ஆடப்படுகின்றன. என் பக்கத்தில் ஒரு முதிய தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எதையும் எண்ணவில்லை, ஆளுக்குப் பதினைந்து டாலராகக் கட்டிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைத் தடுப்பதற்காகச் செய்த கலைப்பு அவர்களுடைய வாய்ப்பையும் சேர்த்துக் குறைத்தது, அது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. "இன்றைக்கு ஏன் இத்தனை தடவை கலைக்கிறீர்கள்?" என்று அந்த அம்மாள் கேட்டபோது டீலர் தலை நிமிரவில்லை, சீட்டுகளைத் தட்டிச் சேர்த்துக்கொண்டே இருந்தார். நான் எழுந்துவிட்டேன். நான் உட்கார்ந்திருக்கும் வரை அவர்கள்தான் அதற்கு விலை கொடுப்பார்கள் என்பது தாங்க முடியாததாக இருந்தது. பாதிப் பெட்டி எல்லோருக்கும் ஒரே அளவு. சமயம் பார்த்துக் கலைப்பது அப்படி இல்லை. இந்த வேறுபாட்டுக்காகவே அந்தப் பகட்டான கூடத்துக்கு நான் மறுபடி போக மாட்டேன், யாரையும் போகச் சொல்லவும் மாட்டேன்.

டீலர்களைப் பற்றி இன்னும் ஒன்று. அவர்களுடைய அடிப்படைக் கூலி குறைவு, வருமானத்தின் பெரும்பகுதி ஆடுகிறவர்கள் கொடுக்கும் அன்பளிப்பில் இருந்து வருகிறது, அதையும் பல கேசினோக்களில் மொத்தமாகச் சேர்த்துப் பங்கிடுகிறார்கள். ஒரு சதவீத மேல்கையில் ஆடுகிறவர் தாராளமாகக் கொடுத்தால் மிஞ்சுவது எதுவும் இல்லை என்று எண்ணுகிறவர்களில் பலர் கையை மூடிக்கொள்கிறார்கள். எனக்கும் அந்தக் கணக்கு தெரியும். ஆயினும் ஒரு மணி நேரத்துக்கு ஐந்து டாலராவது வைத்துவிடுவது என் வழக்கம். தம் மேசையில் தகராறு நடக்கும்போது இரண்டு பக்கத்துக் கோபத்தையும் முகம் மாறாமல் வாங்கிக்கொள்கிறவர் டீலர்தான்.

எண்ணி ஆடுகிறவர் அந்த ஃபிரீமான்ட் தெருக் கூடத்துக்குப் போனால், ஒரு பந்தயத்தில் இருந்து இன்னொன்றுக்கு என்னைப் போலத் தாவ வேண்டாம், இரண்டு மூன்று படியாக ஏறுங்கள், ஒரே டீலரிடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம். அப்படியும் இரண்டாம் நாளில் கண்டுகொள்வார்கள் என்றே நினைக்கிறேன். எண்ணாமல் பொழுதுபோக்காக ஆடுகிறவருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். 3:2 கிடைக்கிறது, சீட்டுப் போடும் கைகள் நேர்த்தியானவை, யாரையும் விரட்டுவதில்லை. வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் இசை நிகழ்ச்சியின் சத்தம் மேசை வரை வந்து, டீலர் சொல்லும் தொகை காதில் விழாமல் போகிறது. அதைச் சரிசெய்தால் நன்றாக இருக்கும்.

கடைசி நாள் காலையில் 25 டாலராகவே கட்டி ஒரு மணி நேரம் ஆடினேன். முதல் நாள் சீட்டுப் போட்ட அதே பெண்மணிதான் மேசையில் இருந்தார். பெட்டியின் பாதியில், பத்துகளும் ஏஸ்களும் நிறைய மிச்சமிருக்கிறது என்று இருவருக்குமே தெரிந்த ஒரு கையில், என் பந்தயத்தைப் பார்த்தார். அது 25ஆகவே இருந்தது. "நன்றி, சார்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் சீட்டைப் போட்டார்.